பத்து நிமிடத்துக்குக் குறைந்தவை

அக்காவைக் கட்டிக்கொடுத்தது நாமக்கல் பக்கம், முட்டைக்கோழிப் பண்ணைக்காரர் வீட்டில். எனக்குச் சேலத்தில் கம்ப்யூட்டர் வேலை. எந்திரங்கள் கொட்டுகிற அளவுகளை வரைபடமாக்கித் தருவதுதான் பிழைப்பு. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் புது ஷெட்டுக்குச் சென்சார் வைத்தபோது, யாரும் கேட்காமலே நானாக முந்திக்கொண்டு போனேன்.

அது நாலு பக்கமும் அடைத்த ஷெட். ஒரு கோடியில் ஆளுயர விசிறிகள்; அவை நின்றால் உள்ளே காற்றே கிடையாது. பத்து நொடிக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் சூடு பதிவாகும். மூன்று வருடம் கழித்து, சேர்ந்திருந்த பதிவையெல்லாம் திரையில் போட்டதும் மாமா முகத்தைச் சுளித்தார்.

“என்ன மாப்ள, சிக்கு விழுந்த நூலாட்டம் இருக்குது. ஒத்தக் கோடாப் போட்டுக் குடு. பார்த்தாப் புரியோணும்.”

நியாயமான பேச்சு. மணிக்கொரு சராசரி எடுத்தேன். அப்போதும் மத்தியானங்களில் சின்னச் சின்ன முட்கள் துருத்திக்கொண்டு நின்றன.

“அது முட்டை வண்டி வார நேரம். லோடு ஏத்தறப்பக் கதவு தொறந்துதான் கெடக்கும், வெளிச்சூடு உள்ள வந்துரும். அதையெல்லாம் எடுத்துப் போடு.”

எடுத்துப் போட்டேன். பத்து நிமிடத்துக்குக் குறைவாக நீடித்த சூடு எதுவும் சேராதபடி ஒரே ஒரு வரி எழுதினேன். பிறகு நாளுக்கொரு புள்ளி. கோடு அத்தனை அழகாக வந்தது. மாமா அதைப் பெரிதாக அச்சடித்துப் பண்ணை ஆபீஸ் சுவரில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசினார். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று. அந்தக் கோட்டை நம்பித்தான் இந்தச் சித்திரையில் கூண்டுக்கு ஒரு கோழி கூடுதலாக ஏற்றினார்.

ஏற்றி முடித்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராசிபுரம் வழியாகப் பஸ் பிடித்துப் போய், அக்கா போட்ட கறிச்சோற்றைத் தின்றுவிட்டுச் சும்மா ஷெட்டுக்குள் நுழைந்தேன். ஞாயிறு முட்டை வண்டி கிடையாது. கதவுகள் சாத்தியிருந்தன. திடீரென்று விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. கோழிகள் ஒவ்வொன்றாக அலகைத் திறந்து, இறக்கையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கின. நெடுநேரம் கழித்து விசிறிகள் தாமாக ஓடத் தொடங்கின.

கூண்டுகளில் முட்டை எடுத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா என்னை நிதானமாகப் பார்த்தார்.

“தினமும் இப்படித்தானுங்க சாமி. ஃபேனுக்கு இருக்கற கரண்டுப் பொட்டி சூடேறுனா எல்லாம் நின்னுக்கும். ஆறுனாத் தானா ஓடும். கரண்டு இருக்கறதால ஜெனரேட்டரும் எடுக்காதுங்க.”

“மாமாகிட்டச் சொல்லலீங்களா?”

“சொன்னனுங்க. செவுத்துல மாட்டியிருக்கற உங்க படத்தக் காட்டி, இதுல ஒண்ணுமே இல்லியே, உனக்குக் காதுல கோளாறுன்னாருங்க.”

வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. ஆபீசுக்கு ஓடிப் பழைய பதிவைத் திறந்து, ஞாயிறுகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். வண்டி வராத அந்த நாட்களிலும் முட்கள் இருந்தன. இந்த முறை சராசரி எடுக்காமல், ஒவ்வொரு நாளின் உச்சச் சூட்டை மட்டும் வரைந்தேன். நான் நேராக வரைந்து கொடுத்த கோடு, மூன்று வருடமாக ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் வருடம் விசிறிகள் மூன்று நிமிடம் நின்றிருந்தன, இப்போது ஒன்பது. நான் எழுதிய அந்த ஒரு வரிக்குள் ஒளிந்தே அந்தக் கோளாறு வளர்ந்திருக்கிறது.

மாமாவிடம் காட்டினேன்.

“நேத்துத்தானே மாப்ள ஏத்தி முடிச்சோம்” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எலக்ட்ரீஷியன் உடனே வந்தார். புதுப் பெட்டி கோயம்புத்தூரிலிருந்து வர மூன்று நாளாகும் என்றார். அதுவரை பழைய பெட்டிக்கு எதிரே ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு, விசிறி நின்றால் உடனே கதவுகளைத் திறக்க ஆள் போட்டுவிட்டு, நான் மறுநாள் வேலைக்காகச் சேலம் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். பண்ணையிலிருந்து அவள் பேசினால் பின்னால் கோழிக் கூச்சல் காதை அடைக்கும். பாதிப் பேச்சு புரியாது. அன்று பின்னால் எந்தச் சத்தமும் இல்லை; அவள் அழுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.