ஐந்தாம் ஆள் மண்

ஆடிக்காற்று புழுதியைக் கிளப்பும்போதெல்லாம் அக்காமீது எனக்கிருந்த பொறாமை ஞாபகம் வருகிறது.

நாகமலையை ஒட்டிய எங்கள் புஞ்சையில் அந்த வருஷம் கிணறு வெட்டினார்கள். பட்டணத்து காலேஜில் மண்ணைப் பற்றிப் படித்த சித்தப்பா, காய்ச்சல் கண்டு உடம்பு தேற ஊருக்கு வந்திருந்தார். ஓர் ஆள் ஆழத்துக்கு ஒரு சிட்டிகை மண் என்று தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். எத்தனையாவது ஆள் என்று எழுதி ஒட்டுவது அக்காவின் வேலை. அவள் பெரியவளாகி, பள்ளிக்கூடம் நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. தினம் பள்ளிக்கூடம் போகிறவள் நான். பென்சில் அவள் கையில்.

ஐந்தாம் ஆளில் மண் மாறியது. மாவாட்டம் மஞ்சள் மண், அதில் மிளகளவு நத்தைக் கூடுகள். சித்தப்பாவுக்குக் காய்ச்சலே பறந்துவிட்டது.

"ஒரு கூழாங்கல் இல்லண்ணே. தண்ணி கொண்டாந்திருந்தா கல்லும் வந்திருக்கும். இது காத்து கொண்டாந்து கொட்டுன மண்ணு. மழை தண்ணி இல்லாம, மரம் இல்லாம, வெறும் புல்லும் புழுதியுமா ஒரு காலத்துல இந்தப் பக்கம் கெடந்திருக்கு."

"எம்புட்டு ஆழத்துல தண்ணி வரும்னு அது சொல்லுதா?" என்றார் அப்பா.

ஏழாம் ஆளில் தண்ணீர் வந்தது. இரண்டே நாளில் மஞ்சள் மண்ணையும் மூடிக்கொண்டு ஏறிவிட்டது. இனி அந்த மண் தீப்பெட்டியில் மட்டும்தான். அன்று மத்தியானம், எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், ஏழு பெட்டி மண்ணையும் இடம் மாற்றிக் கொட்டினேன். அக்கா தப்பாக எழுதினாள் என்று ஆகட்டும்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்த சித்தப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. "என்னத்தா, மாத்தி எழுதிட்டியா? எந்தக் காலம் முந்தி, எந்தக் காலம் பிந்தின்னு இனி நான் எப்படிச் சொல்ல?"

அக்கா ஏழு பெட்டியையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரலில் தேய்த்தாள், நுனிநாக்கில் வைத்தாள்.

"இது மொத ஆளு, செம்மண்ணு. இது அஞ்சு. இது ஆறு சித்தப்பா, தண்ணி நின்ன பழைய கம்மா மண்ணு. காஞ்ச கோரை கெடக்கு பாருங்க."

மாற்றிக் கொட்டிய எனக்குத் தெரியும், ஏழும் சரியாக இருந்தன. சித்தப்பா பென்சிலை மறுபடி அவள் கையிலேயே கொடுத்தார். அவர் இல்லாத வேளைகளில் அந்தப் பெட்டிகளைத் திறந்து திறந்து பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருந்தது. நான் கெடுக்கப் போன காரியம் அவள் தலையில் பூவாகப் போய் விழுந்தது.

அவள் கண் என் பாவாடை ஓரத்துக்கு வந்தது. மஞ்சள் மண் ஒட்டியிருந்தது. யாருக்கும் தெரியாமல் தட்டிவிட்டாள்.

படுக்கப் போகும்போது, "இன்னைக்கு டீச்சர் என்னடி சொல்லிக் குடுத்தாக?" என்று கேட்டாள்.

"ஒன்னும் இல்ல" என்று திரும்பிப் படுத்தேன். ஒரு கணக்கும் ஒரு பாட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அதுவும் கிடைத்துவிடக் கூடாது.

ஒரு வருஷமாக ஒவ்வொரு நாளும் அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.