மிசாவோ எறிந்த முதல் ஆள்

ஜப்பானில் ஹிமி துறைமுக ஊரின் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் மிசாவோவுக்கு ஐம்பத்தொரு வயது, நாலடி பத்தங்குல உயரம். இரண்டு வருடமாக வாரம் மூன்று மாலை ஜூடோவுக்குப் போகிறாள். அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. எதிராளியின் இடுப்பை ஒரு கையால் வளைத்து, திரும்பி, தன் இடுப்பில் ஏற்றி முன்னால் எறிவது. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். கூடப் பழகும் தபால் அலுவலகத்து ஹொசாகா எண்பத்தைந்து கிலோ. அவரையே தூக்கிப் போடுகிறாள் என்று சமையலறையில் அவளுக்குத் தனி மவுசு. அவளும் சும்மா இருப்பவள் இல்லை. சூப் அண்டாவைக் கிளறிக்கொண்டே தினம் ஒரு கதை அளப்பாள்.

பிப்ரவரியில் மீன்பிடிப் படகில் வேலை செய்யும் கோஹெய் ஜூடோ வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்தான். மிசாவோ அவனைப் பிடித்தாள், திரும்பினாள், இழுத்தாள். அவன் நட்ட கம்பம் மாதிரி நின்றான்.

"விழேன்ப்பா," என்றாள்.

"நீங்க தூக்கவே இல்லியேக்கா. நான் எதுக்கு விழணும்?"

ஹொசாகா அவிழாத பெல்ட்டை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் மிசாவோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு வருடமாக அவள் ஒருவரைக்கூட எறியவில்லை. அத்தனை பேரும் மரியாதைக்காகத் தாங்களாகவே குதித்து விழுந்திருக்கிறார்கள், பாவிகள்.

மானம் போயிற்று. அடுத்த வகுப்பில் நேரே கோஹெயிடம் போய் நின்றாள்.

"உன்னை ஒரு தடவையாவது நெஜமா எறியணும். என்ன தப்பு பண்றேன், சொல்லு."

"உங்க முதுகுக்கும் என் வயித்துக்கும் நடுவுல ஒரு பூனை போகலாம்க்கா. ஒட்டி நின்னாத்தான் தூக்க முடியும்."

ரயிலில்கூட அடுத்தவர் மேல் படாமல் உடம்பைச் சுருக்கிக்கொண்டே வளர்ந்தவள். ஆம்பளை வயிற்றில் முதுகை ஒட்டுவதாவது! கூச்சம் பிடுங்கித் தின்றது. மார்ச் முழுக்கக் கடைசி நொடியில் விலகினாள். ஏப்ரலிலும் அதே கதைதான். "இன்னும் பூனை போகுது," என்பான், கொட்டாவி விட்டுக்கொண்டு. அந்தக் கொட்டாவிக்காகவே அவனை அறையலாம் போலிருக்கும்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் மறுபடி கொட்டாவி விட்டான். வந்த கோபத்தில் கூச்சம் பறந்துபோயிற்று. சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே புகுந்தாள். முழங்காலை மடக்கி, அவன் இடுப்புக்குக் கீழே தன் இடுப்பைக் கொடுத்து, முதுகை அவன் வயிற்றோடு அப்பினாள். குள்ளமாகப் பிறந்தது அன்றைக்குத்தான் உதவியது. அவள் காலை நிமிர்த்தியதும் அவன் கால்கள் இரண்டும் பாயை விட்டுக் கிளம்பின. தொப்பென்று விழுந்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அவனுக்கு மூச்சு வரக் கொஞ்ச நேரமாயிற்று. "விழக் கூடாதுன்னுதான் நின்னேன்க்கா," என்றான், மல்லாந்தபடியே.

மிசாவோவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதை மறைக்கவும் இல்லை. ஹொசாகாவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"வாங்க. குதிச்சீங்கன்னா தெரியும் சேதி."

ஹொசாகா வந்து நின்றார். இரண்டு வருடப் பழக்கம், குதிக்கத்தான் பார்த்தார். அதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.