அத்தானின் முதுகு

நான் யாரையும் லேசில் புகழ்கிறவன் இல்லை. படப்பிடிப்புத் தளத்தில் காலம் பூரா விளக்குப் பிடித்தவனுக்கு எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் பிரமிப்பு வராது. அவர்கள் வியர்ப்பதும், கொட்டாவி விடுவதும், ஒப்பனைக்காரரிடம் எரிந்து விழுவதும் மேலே பரணில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நடிகரைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறேன். அவர் என் அக்கா புருஷன். இருபது வருடம் சினிமாவில் இருந்தும் ஊரில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது.

தளத்தில் அவருக்கு 'முதுகு' என்றுதான் பெயர். ஏளனமாக வைத்ததில்லை, அவர் வேலையே அதுதான். அந்தக் காலத்துக் கதாநாயகர் ஒருவர் சாயங்காலம் ஆனதும் யாரிடமும் சொல்லாமல் காரில் ஏறிவிடுவார். அதற்குப் பிறகு கதாநாயகியின் முகத்தை மட்டும் அருகில் வைத்து எடுப்பார்கள். எதிரே கதாநாயகர் இருப்பதாகத் தெரிய, படத்தின் ஓரத்தில் அவருடைய தோளும் பின்னந்தலையும் வேண்டும். தச்சுப் பிரிவில் பலகை இழைத்துக்கொண்டிருந்த அத்தானுக்கு அதே அகலத்தில் தோள் இருப்பதை உதவி இயக்குநர் ஒருவர் பார்த்துவிட்டார். கோட்டை மாட்டி உட்கார வைத்தார்கள். அப்புறம் எழுந்திருக்கவே விடவில்லை.

எனக்கு முதலில் இளக்காரம்தான். "முதுகைக் காட்டிச் சம்பாதிக்கிற ஒரே வீரர் நீங்கதான் அத்தான்" என்பேன். "உங்க அக்காகிட்ட மட்டும் அதைக் காட்ட முடியாது மாப்ளே, அடி விழும்" என்பார். கோபமே வராது மனிதருக்கு. அந்தக் குடும்பத்தில் கோபம் மொத்தமும் எங்கள் பக்கத்துச் சொத்து.

ஆனால் காலையில் கதாநாயகர் நடிக்கும்போது அத்தான் எங்கே நிற்கிறார் என்று ஒருநாள் கவனித்தேன். எல்லோரும் கேமராவுக்குப் பக்கத்தில் முண்டியடிக்க, இவர் செட்டின் பின்பக்கம் போய், தட்டிகளுக்கு நடுவிலிருந்த இடுக்கு வழியாக அந்த ஆளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லும்போது எந்தத் தோள் இறங்குகிறது, கோபம் வந்தால் கழுத்து எப்படி விறைக்கிறது என்று அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தபோது கதாநாயகரே குழம்பிப் போனார். "இதுல எது நான், எது அவன்?" என்று எடிட்டரைக் கேட்டார். எடிட்டர் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்க. வார்த்தை வந்தப்புறம் தோள் அசைஞ்சா அது நீங்க. தோள் முதல்ல அசைஞ்சு வார்த்தை பின்னால வந்தா அது முதுகு." கதாநாயகர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மனசில் பட்டது முதலில் உடம்பில்தானே தெரியும்? அதைக் கண்டுபிடித்தவர் பலகை இழைத்த மனிதர்.

இன்னொரு வேலையும் அவர் செய்தார். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. கதாநாயகிக்கு வசனம் மனசில் நிற்காது. அவர் முகம் படத்தில் இருக்கும், அத்தானின் வாய் இருக்காது அல்லவா? அந்த அம்மா பேச வேண்டிய ஒவ்வொரு வரியையும் அத்தான் சத்தமில்லாமல் உதட்டில் வடித்துக் காட்டுவார். அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கண்ணீரும் கம்பலையுமாகப் பேசித் தீர்த்துவிடுவார். பல வருடப் பழக்கம். கடைசியில் தாம் உதட்டைப் பார்த்துத்தான் பேசுகிறோம் என்பது அந்த அம்மாவுக்கே மறந்து போயிருக்க வேண்டும்.

என் அக்காவுக்கு இந்தப் பெருமையெல்லாம் போதவில்லை. அவளுக்கு வேண்டியது முகம். ஒரு படத்தில் அத்தான் தபால்காரராக வந்தார். படம் நீளம் என்று அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். இன்னொன்றில் பேருந்தில் உட்கார்ந்திருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து முன்சீட்டுக்காரன் செய்தித்தாளை விரித்தான். அக்கா தியேட்டரிலேயே அவனைத் திட்டினாள்.

"ஊர் உலகமெல்லாம் என் புருஷன் முதுகைப் பார்த்தாச்சு. ஒரே ஒரு தடவை மூஞ்சியைப் பார்க்கட்டும். நான் வேற எதுவும் கேக்கலை" என்பாள். அத்தான் சிரித்து மழுப்புவார். ஆனால் சவரம் செய்து முடித்த பிறகும் அவர் கண்ணாடியை விட்டு நகராமல், புருவத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். ஆசை அவருக்கும் இருந்தது. வெளியே சொல்லத் தெரியவில்லை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. நாங்கள் பாதிப் பேர் அங்கே இடம் மாறினோம். அங்கே நாடகங்கள் நேரலை. நீங்கள் நடிக்கிற அதே நொடியில் வீடுகளில் தெரியும். தப்பு செய்தால் செய்ததுதான், 'கட்' சொல்ல ஆள் கிடையாது. பழைய கதாநாயகியை அம்மா வேடத்துக்குக் கூப்பிட்டார்கள். "எனக்கு எதிரே அந்த அண்ணன் உக்காந்தா வர்றேன்" என்றுவிட்டார்.

கதை இதுதான். மகன் இறந்த செய்தி கணவனுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. நாடகம் முழுக்க அவன் நமக்கு முதுகைக் காட்டி மேசையில் உட்கார்ந்திருப்பான். கடைசியில் மனைவி, "ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்பாள். அவன் எழுந்து, நம் பக்கம் திரும்பி, உண்மையைச் சொல்வான். அவள் நடுநடுவே கேள்வி கேட்பாள். "நாடகம் பூரா முதுகு, முடிவுல முகம். அதுக்கு உங்களை விட்டா ஆள் ஏதுங்க?" என்றார் இளம் இயக்குநர். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே வீடு மருந்துக்கடைக்காரருடையது. அங்கே முன்வரிசையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தானின் முகத்துக்கென்றே ஒரு விளக்கைத் தனியாக வைத்திருந்தேன். அவர் திரும்பும்போது போட வேண்டியது. என் கை அதன் சுவிட்சிலேயே இருந்தது.

நாடகம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. கதாநாயகி வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஒத்திகையில் அவர் மடியில் வசனத் தாள் இருந்தது. கேமராவில் தெரியும் என்று அன்று அதை வாங்கி வைத்துவிட்டார்கள். அதுவரை அத்தானின் உதட்டைப் பார்த்து ஓட்டிவிட்டார். இனி அத்தான் திரும்பிவிட்டால்? உதடு இல்லை, தாளும் இல்லை. அந்த நினைப்பிலேயே அந்த அம்மாவுக்கு எல்லாம் மறந்து, கண் நிலைகுத்திவிட்டது. அத்தான் உதட்டை அசைத்திருப்பார், அதைப் பார்க்கிற நிலையில்கூட அந்த அம்மா இல்லை.

அத்தானுக்கு வழி இருந்தது. கேள்வி வராவிட்டால் என்ன? பேசாமல் திரும்பி, தன் பேச்சைப் பேசிவிட்டுப் போகலாம். முகம் தெரிந்துவிடும், அக்கா ஆசை தீர்ந்துவிடும், மானம் போனால் அந்த அம்மாவுக்குப் போகும். 'திரும்புங்க அத்தான், திரும்புங்க' என்று மனசுக்குள் கத்தினேன். தளத்தில் நின்ற உதவியாளர் அவரைத் திரும்பச் சொல்லி இரண்டு கையையும் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார்.

அத்தான் திரும்பவில்லை. வலது கையை நீட்டி, மேசையில் இருந்த பூச்சாடியைப் பொத்திக்கொண்டார். ஒலிவாங்கி ஒளித்து வைத்திருந்தது அந்தச் சாடியில்தான். தோளை மெல்லக் குலுக்க ஆரம்பித்தார். யார் பார்த்தாலும், சொல்ல முடியாத துக்கத்தில் ஒரு தகப்பன் பூவைப் பற்றிக்கொண்டு அழுகிறான் என்றுதான் நினைப்பார்கள். அந்தக் குலுக்கலுக்கு அடியில் அவர் அந்த அம்மாவுக்கு வரியைக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தார். "ஏன்... ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றார் கதாநாயகி.

முடிவு வரைக்கும் அப்படியே. தன் வரியைப் பேசுவார், சாடியைப் பொத்துவார், குலுங்குவார், அந்த அம்மாவின் வரியைக் கொடுப்பார், கையை எடுப்பார். தன் வசனம், அந்த அம்மாவின் வசனம், அழுகை, ஒலிவாங்கி என்று நாலையும் ஒரு முதுகு தாங்கியது. கேமராக்காரர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டார். நான் எத்தனையோ பேரை ஒளியில் நிறுத்தியிருக்கிறேன். இருட்டு முதுகை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இப்படிச் செய்வார் என்று சத்தியமாக நினைத்ததில்லை. என் கையில் இருந்த விளக்கு எரியவே இல்லை.

வெளியே வந்ததும் என் பிரமிப்பு கோபமாகிவிட்டது. "எல்லாம் சரி அத்தான், அக்காகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"அதான் மாப்ளே தெரியலை" என்றார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

அக்கா சமையலறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "தெருவே அழுதுச்சு. மருந்துக்கடைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். நீங்க அழறீங்களாம்." அடுப்பை அணைத்தாள். "நீங்க எங்க அழுதீங்க? குலுங்கறப்போ பேசிட்டுல்ல இருந்தீங்க? பேசினா உங்க காது மேல ஏறும், எனக்குத் தெரியாதா? அந்தம்மா எத்தனை வரி மறந்தாங்க?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாத்தையும்."

அக்கா அவர் தோளைப் பிடித்து இழுத்து வந்து, விளக்குக்குக் கீழே தன் எதிரே நிறுத்தினாள். "எனக்கு இது பத்தாது. அங்க திரும்பிச் சொல்ல வேண்டியதை இங்க சொல்லுங்க. முழுசா."

அவர் சொன்னார். நான் வாசற்படியில் நின்றதால் எனக்கு முதுகுதான் தெரிந்தது. அக்காவின் முகம் தெரிந்தது. எதற்கும் கண் கலங்காத என் அக்கா, பாதியிலேயே ஒரு கையால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சு முடிந்ததும் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நல்ல வேளை, நீங்க அங்க திரும்பலை" என்றாள். "இந்த மூஞ்சியை அத்தனை பேருக்கு நடுவுல உக்காந்து பார்த்திருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன்."