ஆர்வில் ஏறிய அடுத்த வீட்டுக் குதிரை

ஆர்வில் ஹாகன் முப்பது வருடம் எங்களோடு அமெரிக்காவில், மாண்டானாவில் மாடு மேய்த்தவன். எந்த முரட்டு மாட்டுக்கும் பயப்பட மாட்டான். பெண்டாட்டி பெர்னீஸுக்கு மட்டும் பயப்படுவான். தாடை நல்ல தாடை. அதனால் கௌபாய் படம் வரைய வந்த ஓவியர்கள் எல்லாரும் அவனையே பிடித்துக் குதிரைமேல் உட்கார வைத்தார்கள்.

முதலில் வந்தவர் இரண்டு கையிலும் துப்பாக்கி கொடுத்து வரைந்தார். ஆர்வில் கையில் வழக்கமாக இருப்பது வேலிக்கம்பி முறுக்கும் குறடு. பத்து வருடம் கழித்து இன்னொருவர் அவனை அந்தி வெயிலில், உலகத்தையே பறிகொடுத்தவன் மாதிரி வரைந்தார். அந்த முகவாட்டத்துக்குக் காரணம் வயிற்றுப்போக்கு. அப்புறம் நியூயார்க்கிலிருந்து ஒருவர் வந்து, நாலு நாள் அவனை வெயிலில் காயப்போட்டுவிட்டு, மூஞ்சி இருக்கவேண்டிய இடத்தில் பச்சை முக்கோணம் போட்டார்.

ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதி வாங்கி ஆசையாக வீட்டுக்குக் கொண்டுபோவான்.

"இதுல நீ எங்கய்யா இருக்க? எவனோ ஒருத்தன எதுக்கு என் சுவத்துல மாட்டணும்?" என்பாள் பெர்னீஸ். படம் கோழிக்கூண்டுக்குப் போய்விடும்.

சொந்த வீட்டுச் சுவரில் தன் மூஞ்சி ஒரு தடவை ஏறவேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. எனக்கே பாவமாக இருந்தது.

கடைசியாக லொரேன் என்று ஒரு பெண் வந்தாள். மரு, உடைந்த மூக்கு, பீன்ஸ் சிந்திய சட்டை எல்லாவற்றையும் அப்படியே வரைந்தாள். ஊர்க் கூடத்தில் திரையை விலக்கியதும் அசந்துபோனோம். அடுத்த நிமிடம் எல்லார் கண்ணும் குதிரையின் தொடைக்குப் போனது. யாருடையது என்று சொல்லும் சூட்டுக்குறியைப் பார்க்காமல் இங்கே யாரும் குதிரையைப் பார்ப்பதில்லை.

எங்கள் பண்ணைச் சூடு இடது தொடையில். அதே குறி வலது தொடையில் இருந்தால் குதிரை பக்கத்துப் பண்ணை டெல்மருடையது. லொரேன் படம் அழகாக வரட்டும் என்று குதிரையை மறுபக்கம் திருப்பி நிறுத்தி, சூட்டையும் கூடவே வலது தொடைக்கு மாற்றிவிட்டாள்.

"அடப்பாவி, அது என் குதிரைடா!" என்று டெல்மர் எழுந்தே விட்டான். "எறங்குடா கீழ!"

"நான் எங்கடா ஏறுனேன்? அவதான் ஏத்திவிட்டா!" என்று கத்தினான் ஆர்வில்.

கூடம் சிரிப்பில் குலுங்கியது. டெல்மர் விடவில்லை. "குதிரை என்னுது. அப்ப மேல என் மூஞ்சிதான் இருக்கணும். மாத்து தாயி." ஊர்ச் சண்டைக்குப் பயந்துபோன லொரேன் தூரிகையை எடுத்தேவிட்டாள். ஆர்வில் முகம் செத்துப்போயிற்று.

பெர்னீஸ் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னே போனாள். "அந்த மூஞ்சில கை வெச்சுப் பாரு, தெரியும் சேதி! இத்தன வருஷத்துல இப்பதான் என் ஆளு படத்துல வந்திருக்கான். திருடனாவே இருந்துட்டுப் போகட்டும்!" படத்தைச் சட்டத்தோடு கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த வாரம் நான் காபி குடிக்கப் போனேன். படம் சாப்பாட்டு மேசைக்கு நேரெதிரே தொங்கியது. ஆர்வில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தது போதும், ஆறிப்போகுது, சாப்பிடு," என்றாள் பெர்னீஸ், "திருட்டுப் பயலே."