பாஸ்டர் நேசகுமாரும் என் பொறாமையும்

பாஸ்டர் நேசகுமார் காலமான செய்தி எங்கள் வீட்டுக் குசினியிலிருந்துதான் எனக்கு வந்தது. யார் போன் எடுத்துச் சொன்னார்களோ தெரியாது, அடுப்படியில் என் மனைவி றஞ்சினி ஓவென்று அழுத சத்தம்தான் முதலில் கேட்டது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் விடியற்காலை மாரடைப்பாம். அவளைத் தேற்றிக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த முதல் எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா?

இறுப்பிட்டியிலுள்ள அவருடைய சபையார் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டு வந்தார்கள். “உங்களுக்குத்தானே ஐயா அவரை நல்லாத் தெரியும்” என்றார்கள். தெரியும்தான். ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரிவதுபோலத் தெரியும். நான் இந்தத் தீவின் பழைய கற்கோயிலுக்குப் போதகர். அவர் என் கண்முன்னால் தகரக் கொட்டகை போட்டு, அதை நிரப்பிக் காட்டியவர்.

அவர் பிறப்பால் சைவர். தகப்பனுக்குத் தெற்கில் கடை இருந்தது, கடை எரிந்தபின் ஊருக்கு வந்து ஆண்டவரைக் கண்டுகொண்டதாகச் சாட்சி சொல்வார். வியாபாரப் பழக்கம் அவரை விடவில்லை. கொட்டகையை விடியமுன் திறந்து, கடைசி ஆள் போனபிறகுதான் சாத்துவார். “சனம் வரேக்கை கதவு பூட்டியிருக்கக் கூடாது ஐயா, அவ்வளவுதான் ஊழியம்” என்பார். என் கோயிலுக்கு மணி இருந்தது, பழைய கல்லறைகள் இருந்தன, பெரிய பூட்டும் இருந்தது. சில வருடங்களில் என் பாடகர் குழு முழுவதும் அங்கே மேளத்தோடு பாடிக்கொண்டிருந்தது. அவரிடம் நியாயம் கேட்கப் போனேன். தான் ஒருவரையும் கூப்பிடவில்லை, அவர்களாகத்தான் வருகிறார்கள் என்றார். அது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

அனலைதீவில் இருந்த என் மாமி, றஞ்சினியின் தாய், சாகக் கிடந்தது ஒரு மார்கழியில். கடல் கொந்தளித்ததால் படகுகள் ஓடவில்லை. காற்று விழட்டும், போகலாம் என்றேன். இன்றைக்கும் சொல்வேன், அது புத்தியுள்ளவன் எடுத்த முடிவு. பாஸ்டரோ சின்னப் பிள்ளைகள் உள்ள ஒரு படகுக்காரரைப் பேசிச் சம்மதிக்க வைத்து, அந்தக் கடலில் ஏறிப் போய்விட்டார். படகு கவிழ்ந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? அது கவிழவில்லை. மாமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். காற்று விழுந்தபின் நாங்கள் போய் இறங்கியபோது அவர் காய்ந்தும் காயாத உடுப்போடு வாசலில் நின்றார். “அடக்க ஆராதனையை நீங்கள் செய்யுங்கோ ஐயா. அவ உங்கட கோயில் பிள்ளை” என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதன் பிறகு றஞ்சினி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு இறுப்பிட்டிக்குப் போகத் தொடங்கினாள். போதகரின் மனைவி இன்னொரு சபைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமை உங்கட கோயிலிலதானே இருக்கிறன்” என்றாள். இருந்தாள்தான். என் பிரசங்கத்தின்போது அவள் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று நான் பார்த்துக்கொண்டே பேசினேன்.

அவருக்குக் குறைகள் இல்லையென்று இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். துணைக்கு வந்த ஊழியர் எவரையும் சனம் மெச்சத் தொடங்கினால் போதும், அவரை வேறு தீவுக்கு அனுப்பிவிடுவார். சொந்த மகளின் கல்யாணத்தன்று நெடுந்தீவில் யாருக்கோ ஜெபிக்கப் போய், பெண் கூறைச்சேலையோடு காத்திருக்க, நனைந்த காற்சட்டையோடு வந்து நேரே மேடையேறினார். மன்னிப்புக் கேட்கவில்லை. சாப்பாட்டின்போது, நாளைக்கு ஆண்டவர் தன்னிடம் ஊரைப் பற்றித்தான் கேட்பார் என்று விளக்கம் சொன்னார். பக்கத்தில் நின்ற மகள் அமைதியாகக் கேட்டாள்:

“எங்களைப் பற்றிக் கேட்டால் என்னப்பா சொல்லுவியள்?”

அவர் பாதிச் சாப்பாட்டோடு எழும்பிக் கை கழுவப் போனார். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து றஞ்சினியிடம் அதைச் சொன்னபோது, அவர் போகாவிட்டால் நெடுந்தீவுச் சனத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு என் சந்தோஷத்தைக் கெடுத்தாள்.

யார் இருக்கிறார்கள் என்று காட்டவேண்டும் போலிருந்தது. எங்கே நோயாளி என்றாலும் அவருக்கு முன் போய்விடுவது என்று ஓடத் தொடங்கினேன். பெரும்பாலும் அவர் இருந்து எழும்பிய கதிரைதான் எனக்குக் கிடைக்கும். ஒருமுறை மண்டைதீவில் ஒரு வயோதிபரின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நாங்கள் ஒரே நேரத்தில் போய் நின்றோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் வந்திட்டியள் எண்டால் நான் தப்பமாட்டன் போலை” என்றார். பாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் ஜெபத்தை முதலில் தொடங்கியது நான்தான்.

போன கிழமை அவரை அடக்கம் செய்தோம். கொட்டகை கொள்ளாத கூட்டம். என் அடக்கத்துக்கு எவ்வளவு பேர் வருவார்கள் என்று மனம் அங்கேயும் நினைத்தது.

நேற்று அனலைதீவில் ஒரு தாய்க்குச் சுகமில்லை என்று தகவல் வந்து, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனேன். படகுக்காரர் என்னைக் கண்டதும் தேத்தண்ணீரைக் கீழே வைக்கவில்லை.

“ஏன் ஐயா அவசரப்படுறியள்? அவர்தான் இல்லையே. ஆறுதலா நாளைக்குப் போவம்.”

எனக்குச் சுரீரென்றது. நான் யாரை முந்த ஓடினேன் என்று இந்த ஆளுக்கு இவ்வளவு காலமும் தெரிந்திருக்கிறது. அவர் சொன்னதிலும் பிழையில்லை. நாளைக்குப் போனால் என்னை முந்த ஒருவரும் இல்லை, றஞ்சினி என்னை ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒருவரும் இல்லை. கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பப் பார்த்தன. அப்போதுதான் பயம் வந்தது, அவர் போனதோடு என் ஊழியமும் முடிந்துவிடுமோ என்று.

“இண்டைக்கே போவம்” என்று ஏறி உட்கார்ந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பொறாமை ஒன்றைத்தான். இதை என்னிடமிருந்து எடுத்துவிடும் ஆண்டவரே என்று இத்தனை வருடங்களாக ஒவ்வொரு நாளும் ஜெபித்து வந்தேன். நேற்றிலிருந்து அந்த ஜெபத்தை நிறுத்திவிட்டேன்.