கடைசிக் கதவும் ஓர் ஆயுத பூசையும்

அந்த விளையாட்டைச் செய்தவன் எவனோ, அவன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தொப்பி போட்ட குட்டி மனிதன் ஒருவன் குகைக்குள் தாவித் தாவிக் கதவுகளைத் திறந்துகொண்டே போக வேண்டும். கால் ஊன்றுகிற இடத்தில் சரியாக ஒரு வௌவால் வந்து நிற்கும். தொட்டால் செத்தான். மூன்று உயிரும் போனால் மறுபடி முதல் குகை. கம்ப்யூட்டரை அணைத்தால் எல்லாம் போச்சு, விட்ட இடத்திலிருந்து நாளைக்குத் தொடர்கிற வசதியே கிடையாது. பத்து வயதுப் பிள்ளையை அழவைப்பதற்கென்றே உட்கார்ந்து யோசித்திருப்பான் போல.

திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் அப்பாவின் ரிக் வண்டி ஆபீஸ். போர் போடுகிற வேலைக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் பள்ளி விட்டு வந்ததும் நான் உட்கார்ந்துவிடுவேன். ஆத்திரத்தில் குத்திக் குத்தி ஸ்பேஸ் பட்டன் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசிக் கதவு வரை போய்விட்டேன். ஒரே ஒரு உயிர் மிச்சம். அந்த நேரம் பார்த்து அம்மா வீடு கழுவக் கூப்பிட்டார். விளையாட்டை அப்படியே நிறுத்திவைத்து, மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு எழுந்தேன். திரை இருட்டாக இருந்தால் கம்ப்யூட்டரே நின்றுவிட்டதாகத்தான் எங்கள் வீட்டில் நினைப்பார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறதென்று காலையில் பார்த்துவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

ஆனால் அப்பா மெசின் சத்தத்திலேயே வாழ்ந்தவர். பூசை முடிகிற வரை வீட்டில் எந்த மெசினும் ஓடக்கூடாது. கம்ப்ரசர், கிரைண்டர், தண்ணி மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, நான் பல் துலக்கி வருவதற்குள் முன்னறைக்குப் போயிருக்கிறார். கம்ப்யூட்டருக்குள் ஃபேன் சுற்றும் சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது. நான் வாசற்படியில் நிற்கும்போதே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். இருண்ட திரையில் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தார்.

"ஏஞ் சாமி அழுவற? மெசினுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணுமில்ல" என்றார். அன்று பொரி, சுண்டல் எதையும் நான் தொடவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை விளையாடியும் அந்தக் கதவு வரை போக முடியவில்லை.

இத்தனை வருஷம் கழித்துப் போன மாதம் அதே விளையாட்டு என் ஃபோனில் கிடைத்தது. இப்போது நினைத்த இடத்தில் நிறுத்தித் தொடரலாமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. தொப்பிக்காரன் மறுபடி முதல் குகையில் நிற்கிறான். வௌவால்கள் இன்னும் வேகமாகப் பறக்கின்றன. ஃபோனைச் சுவரில் அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

எரிச்சல் தாங்காமல் ஊரில் இருக்கும் அப்பாவை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு அந்தப் பூசை நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. கதை முழுக்கக் கேட்டுவிட்டு நிம்மதியாகச் சிரித்தார்.

"ஒண்ணுமில்லாததுக்கா சாமி அத்தன அழுகாச்சி? அப்ப நான் புடுங்குனதுல ஒண்ணும் கெட்டுப்போகல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்ணுமில்லீங்கறத அன்னைக்கே நான் பாத்திருக்கோணுமுங்கப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு, "ஒரு வார்த்த கேட்டுட்டுப் புடுங்கியிருக்கோணும்" என்றார்.

இதைச் சொல்ல இத்தனை வருஷமா என்று அதற்கும் கோபம்தான் வந்தது.