எடை இல்லாத மூன்று கோப்புகள்

ரஹ்மத் அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்தார். காய்ச்சலுக்கு மருத்துவமனையில் சேர்த்திருந்தது எனக்குத் தெரியும். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டிருந்தேன்.

விருதுநகரில் நாங்கள் வேலை பார்த்த சிறிய கணினி நிறுவனத்துக்கு வந்துபோனவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். பட்டாசு கம்பெனிகள் அனுப்பும் ஒவ்வொரு லோடின் விவரமும் எங்களுக்கு எக்ஸ்எம்எல் என்ற வகைக் கணினிக் கோப்பாக வரும். அதில் என்னென்ன இருந்தே தீர வேண்டும் என்ற விதிகள் ஸ்கீமா என்ற இன்னொரு கோப்பில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, தவறு இருந்தால் லோடை நிறுத்தும் ஜாவா நிரலை எழுதியவன் நான். அதைச் சோதிப்பது அக்காவின் வேலை. "சரியானதச் சரின்னு சொல்றது பெரிசில்ல. தப்பைத் தப்புன்னு சொல்லுதான்னு பாக்கணும்" என்பார்.

தீபாவளி சீசனில் ஒரு பகல். "மாரி, இங்கன வா" என்றார். "வெடிமருந்து எடையை அழிச்சிட்டு ஒரு கோப்பைக் குடுத்தேன். அதையும் சரிங்குது."

என் நிரலைத் திறந்து பார்த்தேன். ஸ்கீமாவோடு ஒப்பிடும்போது அகப்படும் பிழைகளை வாங்கிக்கொண்டு அறிவிக்க வேண்டிய பகுதியை, அப்புறம் எழுதலாம் என்று வெறுமையாக விட்டிருந்தேன். அத்தனை பிழைகளும் அங்கே வந்து சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருந்தன.

அன்று காலையில் வந்த கோப்புகளைத் திறந்தோம். மூன்றில் எடையே இல்லை. மூன்று லோடும் தாயில்பட்டிப் பக்கம் ஒரே குடோனுக்குப் போயிருந்தன. ஒரு குடோனில் இவ்வளவு வெடிமருந்துதான் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. எடை இல்லாவிட்டால் குடோன் கணினி அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். இன்னும் இடம் இருக்கிறது, இறக்கு என்று சொல்லும். அங்கே பெட்டி அடுக்குபவர்களில் என் மதினியும் ஒருத்தி.

அக்கா குடோனுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார். புகை எழுகிறதா என்று நான் ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அங்கன பாக்காத மாரி. மிச்சக் கோப்பைத் திற."

ஐந்தாவது முறை போர்மேன் எடுத்தார்.

"அண்ணாச்சி, இறக்குறத நிறுத்துங்க. ஆளுகள வெளிய கூப்பிடுங்க. மொதல்ல அதச் செய்ங்க, நான் லைன்லயே இருக்கேன்."

 அக்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. போர்மேன் திரும்பி வந்து, எல்லோரும் ரோட்டில் நிற்கிறார்கள் என்றார். அளவுக்கு மேல் இருந்த பெட்டிகளைச் சாயங்காலத்துக்குள் வேறு குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் போனை வைப்பதற்கு முன் போர்மேன், "இம்புட்டுக்கும் யாரு தப்பு?" என்று கத்தினார். எனக்கே கேட்டது. அந்த நிரலில் அக்கா ஒரு வரிகூட எழுதியதில்லை. என் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

"எங்க தப்புதான் அண்ணாச்சி" என்றார்.

'எங்க' என்ற அந்தச் சொல்லைத்தான் அக்காவின் நினைவாக நான் வைத்திருக்கிறேன்.